நடுவட்டத்துக் குயினினும் கெட்டமின் ஆய்வுகளும்: மலிவான மருந்தொன்றை மதிப்பிடுதல் குறித்து

ஆய்வுச்சுருக்கம்

1970 முதல் மயக்க மருந்தாக வழங்கிவரும் கெட்டமின், பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வைச் சில மணி நேரத்தில் தணிக்கக்கூடும் என்னும் கருத்து 2000-ஆம் ஆண்டிலிருந்து வலுப்பெற்று வந்துள்ளது. இக்கருத்துக்கான சான்று எந்த அளவுக்கு உறுதியானது, கெட்டமினின் ஒரு வடிவத்தை மட்டும் பிரித்து உயர்ந்த விலைக்கு விற்பதை ஆய்வுகள் ஆதரிக்கின்றனவா, தமிழ்நாட்டுக்கு எத்தகைய ஆய்வு தேவை ஆகிய வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நீலகிரி மாவட்டம் நடுவட்டத்தில் விளைந்த சிங்கோனாப் பட்டையையொட்டி 1866–68 காலத்தில் நடந்த மருந்து ஒப்பீடு இதற்கு ஒப்புநோக்காகக் கொள்ளப்படுகிறது. கலவையா, பிரித்தெடுத்த பொருளா என்பதை விலை மட்டும் முடிவு செய்துவிடாமல் பொது நிதியில் நடக்கும் ஒப்பீட்டாய்வு முடிவு செய்ய வேண்டும் என்பது கட்டுரையின் நிலைப்பாடு.

முதன்மைச் சொற்கள்: கெட்டமின், மனச்சோர்வு, சிங்கோனா, நடுவட்டம், சுழிமாய்க் கலவை, போலி மருந்து, மின்னதிர்வுச் சிகிச்சை

முன்னுரை

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் அமைந்த நடுவட்டம் இன்று தேயிலையால் அறியப்படும் ஊர். மருந்தியல் வரலாற்றில் அதற்கு வேறோர் இடமுண்டு. 1860களில் சென்னை மாகாண அரசு அங்கே சிங்கோனா மரங்களைப் பயிரிட்டது. பிற்காலத்தில் அரசின் குயினின் தொழிற்சாலையும் அங்கே இயங்கியது. காய்ச்சலுக்கான மருந்தை ஒரு மலையூரில் மலிவாக உற்பத்தி செய்ய முயன்றபோது எழுந்த கேள்விகள், மனச்சோர்வுக்கான மருந்தாகக் கெட்டமின் முன்வைக்கப்படும் இந்நாளில் மீண்டும் எழுகின்றன.

இவ்வொப்பீடு அணிநலம் கருதியது அன்று. இரு மருந்துகளிலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. ஒரே அணுக்கள் வெளியில் வேறுபட அமைவதால் தோன்றும் வடிவங்களுள் எது நோயைத் தீர்க்கிறது? 'தீர்ந்தது' என்பதை எதைக் கொண்டு, எப்போது அளப்பது? மலிவான கலவை போதுமானதாக இருக்கும்போது விலையுயர்ந்த பிரிவை வாங்கும் தேவை எங்கிருந்து வருகிறது? இம்மூன்றையும் அடுத்தடுத்துக் காண்போம்.

1. நடுவட்டத்தில் எழுந்த வினா

1859-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் தென்னமெரிக்காவுக்குச் சென்ற குழுவின் முயற்சியால் சிங்கோனா நீலகிரிக்கு வந்தது. உதகை அரசுத் தோட்டங்களின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களை வளர்த்தெடுத்தார். நடுவட்டத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களை அடைத்து வைத்த சிறைக்கட்டடம் இன்றும் அங்கு உள்ளது.

நீலகிரியில் செழித்து வளர்ந்தது செம்பட்டைச் சிங்கோனா. இதன் பட்டையில் காரப்பொருள்களின் மொத்த அளவு மிகுதி. ஆனால் அதில் குயினினின் பங்கு குறைவு, சிங்கோனிடினும் சிங்கோனினும் அதிகம். பிரெஞ்சு வேதியியலாளர் பெல்லெட்டியேயும் காவென்டுவும் 1820-இல் குயினினைப் பிரித்தெடுத்த பின், வணிகமும் மருத்துவமும் குயினினை மட்டுமே மருந்தாகக் கொண்டிருந்தன. எஞ்சிய காரப்பொருள்கள் கழிவாகவே கருதப்பட்டன. அவற்றுக்கும் காய்ச்சலைத் தணிக்கும் ஆற்றல் உண்டென்றால் நடுவட்டத்துப் பட்டை பொன். இல்லையென்றால் அது விறகு. இந்த ஐயத்தைத் தீர்க்கவே 1866-இல் சென்னை சிங்கோனா ஆணையம் அமைந்தது. அதே ஆண்டு ஜான் பிராட்டன் என்னும் வேதியியலாளர் பட்டையை ஆராய்வதற்காக உதகையில் பணியமர்த்தப்பட்டார்.

1866-க்கும் 1868-க்கும் இடையில் ஏறத்தாழ 3,600 நோயாளிகளுக்குக் குயினின், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகிய நான்கின் சல்பேட்டு உப்புகள் கொடுக்கப்பட்டு விளைவு பதிவு செய்யப்பட்டது. முறைக்காய்ச்சல் மீண்டும் வராமல் நிற்பதே தீர்வுக்கான அளவுகோல். நான்கு மருந்துகளும் 98 விழுக்காட்டுக்கு மேல் பயனளித்தன என்பது முடிவு. மருத்துவ ஒப்பீட்டாய்வின் வரலாற்றில் இது தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. தமிழ் மண்ணின் பட்டையை முன்னிட்டு நடந்தது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

இன்றைய கண்ணோட்டத்தில் அந்த ஆய்வில் குறைகள் பல. மலேரியா ஒட்டுண்ணியை லாவரான் கண்டது 1880-இல்தான். ஆகவே நோயறிதல் முழுவதும் காய்ச்சலின் வரவையும் போக்கையும் நம்பியிருந்தது. மருந்தே பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. தானே தணியக்கூடிய காய்ச்சல்கள் அந்த 98 விழுக்காட்டுக்குள் எத்தனை என்பதைப் பிரித்தறிய வழியில்லை. இருப்பினும், நான்குக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்னும் ஒப்பீட்டு முடிவு நிலைக்கத்தக்கது. நான்கும் கசப்பானவை; எது குயினின் என்று நாவால் அறிந்து நம்பிக்கை கொள்ள நோயாளிக்கு வாய்ப்புக் குறைவு. இந்தக் கசப்பு பிற்பகுதியில் நமக்குத் தேவைப்படும்.

2. அறுவை அரங்கிலிருந்து மனநலப் பிரிவுக்கு

பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் 1962-இல் கெட்டமினைத் தொகுத்தார். பென்சைக்ளிடின் என்னும் முந்தைய மயக்க மருந்து நோயாளிகளை நீண்ட நேரம் மனக்குழப்பத்தில் ஆழ்த்தியதால், அதே குடும்பத்தில் குறைந்த நேரம் செயல்படும் பொருளைத் தேடியதன் விளைவு இது. 1964 ஆகஸ்டில் குந்தர் கார்சனும் எட்வர்ட் டொமினோவும் அதை முதன்முதலில் மனிதருக்குச் செலுத்தினர். அம்மனிதர்கள் மிச்சிகன் மாநிலச் சிறைக்கைதிகள். நடுவட்டத்திலும் மிச்சிகனிலும் மருந்தின் முதல் சுமையைக் கைதிகள் ஏற்றிருப்பது, இவ்விரு வரலாறுகளைச் சேர்த்துப் படிப்போர் கண்ணில் படாமல் போகாது.

1970-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கெட்டமின், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரிதும் தாழ்த்தாது என்பதால் வசதி குறைந்த மருத்துவமனைகளின் மயக்க மருந்தாயிற்று. உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 1985 முதல் அது உள்ளது.

மனச்சோர்வோடு அதற்குள்ள தொடர்பு ஓர் ஏற்பியின் வழியாக வந்தது. மூளையில் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் செயல்படும் என்.எம்.டி.ஏ. ஏற்பியைக் கெட்டமின் தடுக்கிறது என்பது 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. இதே ஏற்பியின்மீது செயல்படும் சைக்ளோசெரின் என்னும் காசநோய் மருந்து, நோயாளிகளின் மனநிலையை உயர்த்தியதை 1959-இலேயே ஜார்ஜ் கிரேன் எழுதியிருந்தார். அப்போது அதற்குக் காரணம் சொல்ல எவராலும் இயலவில்லை. 1990-இல் டிருல்லாஸ், ஸ்கோல்னிக் இருவரும் எலிகளில் என்.எம்.டி.ஏ. தடுப்பிகள் மனச்சோர்வு மருந்துகளைப் போலச் செயல்படுவதைக் காட்டினர். 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பெர்மன், கிரிஸ்டல் முதலியோர் மிகச் சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் 40 நிமிடத்தில் சிரைவழிச் செலுத்திக் கண்ட முன்னேற்றத்தை வெளியிட்டனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு இவ்வளவு 30 மி.கி.; ஒரு மில்லிலிட்டருக்கு 50 மி.கி. கொண்ட வழக்கமான குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. அறுவைக்குத் தேவைப்படும் அளவில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை.

2006-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் கார்லோஸ் சராத்தே குழுவினர் 18 நோயாளிகளைக் கொண்டு இதே அளவைச் சோதித்தனர். ஒரு நாளுக்குள் 71 விழுக்காட்டினரிடம் நோய்க்குறிகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஒரு வாரம் வரை அம்முன்னேற்றம் நிலைத்தவர்கள் 35 விழுக்காட்டினர். வழக்கமான மாத்திரைகள் பயன்தர வாரக்கணக்கில் ஆகும் துறையில் இந்த முடிவு பெரும் பரபரப்பை உண்டாக்கியது இயல்பே. அந்த இரண்டாவது எண் முதல் எண்ணைப் போலப் பரவலாக மேற்கோள் காட்டப்படவில்லை.

கெட்டமின் உள்ளே என்ன செய்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நரம்பிணைப்புகளைப் புதிதாக வளர்க்கிறது என்பர் ஒரு சாரார். ஏற்பித் தடையன்று, கெட்டமின் சிதைந்து உண்டாகும் பொருளே காரணம் என்பர் மற்றொரு சாரார். அபின்வகை ஏற்பிகளைத் தடுக்கும் நால்ட்ரெக்சோனை முன்கூட்டியே கொடுத்தால் கெட்டமினின் பயன் மங்குகிறது என்று 2018-இல் ஸ்டான்ஃபோர்டு சிற்றாய்வொன்று கண்டது. செயல்முறை தெரியாதது சிகிச்சைக்குத் தடையன்று. குயினின் எவ்வாறு செயல்படுகிறது என்று அறியாமலேயே மருத்துவர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தினர்.

3. மறைக்க இயலாத மருந்து

கெட்டமின் ஆய்வுகளின் மையச் சிக்கல் இதுதான். மருந்தாய்வில் நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் எது மருந்து, எது போலி மருந்து என்பது தெரியக்கூடாது. கெட்டமினோ தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும் மருந்து. செலுத்திய சில நிமிடங்களில் உடல் மிதப்பது போலவும், ஒலியும் காலமும் திரிவது போலவும், தன்னிலிருந்து தானே விலகி நிற்பது போலவும் தோன்றும். உப்பு நீர் பெற்றவருக்கு இவை ஏதும் நேர்வதில்லை. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதை இருவருமே ஊகித்துவிடுகின்றனர். நம்பிக்கை பிறந்தவரிடம் மதிப்பெண் இறங்குகிறது, ஏமாந்தவரிடம் ஏறுகிறது. 1868-இல் நான்கு மருந்துகளும் ஒன்றுபோலக் கசந்தது, அந்த ஆணையம் தேடாமல் பெற்ற நற்பேறு.

இதைச் சமாளிக்க, மயக்கம் தரும் மிடசோலம் ஒப்பீட்டு மருந்தாகக் கொண்டுவரப்பட்டது. 2013-இல் மர்ரோ குழுவினர் 73 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் கெட்டமின் பெற்றோரில் 64 விழுக்காட்டினரும் மிடசோலம் பெற்றோரில் 28 விழுக்காட்டினரும் ஒரு நாளில் முன்னேற்றம் கண்டனர். வேறுபாடு குறைந்தது, ஆனால் மறையவில்லை. மிடசோலம் உறக்கம் தருமேயன்றி அந்த விலகல் அனுபவத்தைத் தருவதில்லை என்பதால், ஊகம் முழுதும் ஒழிந்ததாகக் கொள்ள முடியாது.

2023-இல் ஸ்டான்ஃபோர்டின் போரிஸ் ஹைஃபெட்ஸ் முதலியோர் எளிய, துணிவான வழியொன்றைக் கண்டனர். வேறு காரணத்துக்காக அறுவை செய்துகொள்ளவிருந்த, மனச்சோர்வும் உடைய 40 பேரைத் தேர்ந்து, அவர்கள் முழு மயக்கத்தில் இருக்கும்போது பாதிப் பேருக்குக் கெட்டமினும் பாதிப் பேருக்கு உப்பு நீரும் செலுத்தினர். விலகல் அனுபவம் என்ற ஒன்றே இங்கு இல்லை. இரு குழுக்களிலும் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

இதிலிருந்து 'கெட்டமின் போலி மருந்தே' என்று முடிவுகட்டுவது அவசரமாகும். பிற மயக்க மருந்துகளும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. அவை கெட்டமினின் செயலைத் தடுத்திருக்கலாம், அல்லது தாமே பயன் தந்திருக்கலாம். விலகல் அனுபவமே சிகிச்சையின் பகுதி, அதை நீக்கினால் மருந்தின் பாதியை நீக்கியதாகும் என்னும் வாதமும் உண்டு. ஆயினும் ஒன்று உறுதி: உப்பு நீரோடு ஒப்பிட்ட தொடக்ககால ஆய்வுகளின் பெரிய எண்களை அப்படியே ஏற்க இயலாது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரிடம் மிடசோலத்துடன் ஒப்பிட்டு அயர்லாந்தில் நடந்து 2025-இல் வெளிவந்த ஆய்வும், தொடர் கெட்டமினுக்குக் கூடுதல் பயனைக் காணவில்லை. மறுபக்கத்தில், தற்கொலை எண்ணம் கடுமையாக இருந்த 156 பேரைக் கொண்டு பிரான்சில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், மூன்றாம் நாளில் அவ்வெண்ணம் முற்றும் நீங்கியோர் கெட்டமின் குழுவில் 63 விழுக்காடு, போலி மருந்துக் குழுவில் 31.6 விழுக்காடு. மூன்று நாள் என்பது சிறு கால அளவுதான். அந்த மூன்று நாளைக் கடப்பதுதான் சிலருக்கு உயிர்.

இவ்விடத்தில் தமிழ் ஆய்வாளர்க்குரிய பணியொன்றும் உண்டு. விலகல் அனுபவத்தை அளக்கும் வினாப்பட்டிகள் ஆங்கிலத்தில் உருவானவை. 'உங்கள் உடலுக்கு வெளியே நின்று உங்களைப் பார்ப்பது போல் இருந்ததா?' என்று நீலகிரித் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் கேட்டால், அவர் மொழியில் அதற்கு நெருங்கிய சொல் 'சாமி வந்தது', 'அருள் இறங்கியது' என்பதாக இருக்கலாம். அது நோய்க்குறி அன்று, மதிப்புக்குரிய நிலை. எதிர்பார்ப்பே விளைவை மாற்றும் மருந்தொன்றில் இச்சொல் வேறுபாடு வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாக நின்றுவிடாது, அளவீட்டையே மாற்றும். 'மனச்சோர்வு' என்னும் சொல்லைக்கூட நோயாளிகள் எளிதில் ஆள்வதில்லை. அசதி, நெஞ்சடைப்பு, தூக்கமின்மை, 'மனசு சரியில்லை' என்றே வருகின்றனர். மானிடவியலும் மொழியியலும் பயின்றோர் மருத்துவருடன் அமர்ந்து செய்யவேண்டிய வேலை இது.

4. கலவையும் பிரிவும்

கெட்டமின் மூலக்கூறு வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இரு வடிவங்களில் அமைகிறது. அறுவை அரங்கில் வழங்கும் கெட்டமின் பெரும்பாலும் இரண்டும் சம அளவில் கலந்த சுழிமாய்க் கலவை. எஸ்-வடிவம் என்.எம்.டி.ஏ. ஏற்பியோடு ஆர்-வடிவத்தைவிட ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு வலுவாகப் பிணைகிறது. குயினினும் குயினிடினும் முழு ஆடிப்பிம்பங்கள் அல்ல. ஆயினும் மூலக்கூறின் இரு இடங்களில் திசை மாறிய இணைகள். இவ்விரு கதைகளும் வேதியியலில் நேராகவே சந்திக்கின்றன. 1853-இல் லூயி பாஸ்டர், டார்டாரிக் அமிலத்தின் சுழிமாய்க் கலவையை அதன் இரு வடிவங்களாகப் பிரித்தது சிங்கோனாக் காரங்களிலிருந்து பெற்ற பொருள்களைக் கொண்டுதான். கெட்டமின் கலவையிலிருந்து எஸ்-வடிவத்தைப் பிரிக்க இன்று கையாளும் வழக்கமான பொருள் டார்டாரிக் அமிலம்.

பழைய கெட்டமினுக்குக் காப்புரிமை இல்லை. எஸ்-கெட்டமினை மூக்கில் தெளிக்கும் மருந்தாக்கியபோது புதிய காப்புரிமை பிறந்தது. 'ஸ்பிராவேட்டோ' என்னும் பெயரில் 2019 மார்ச்சில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. ஒப்புதலுக்கு அடிப்படையான குறுங்கால ஆய்வுகள் மூன்றில் ஒன்றே புள்ளியியல் அளவில் வென்றது. அதிலும் போலி மருந்துக் குழுவுடனான வேறுபாடு, 60 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் சுமார் 4. சந்தைக்கு வந்தபோது முதல் மாத மருந்துச் செலவு 4,720 முதல் 6,785 டாலர் வரை. இங்கிலாந்தில் பொதுநலச் சேவைக்கு மருந்துகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2022 டிசம்பரில் இதைப் பரிந்துரைக்க மறுத்தது.

பிரித்தெடுத்த வடிவம் கலவையைவிட மேலானதா என்பதே இங்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி. நேரடி ஒப்பீடு அரிது. பிரேசிலில் 63 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு இரண்டையும் சிரைவழியாகவே கொடுத்து ஒப்பிட்டது. ஒரு நாள் முடிவில் நோய்க்குறி நீங்கியோர் எஸ்-கெட்டமினில் 29.4 விழுக்காடு, கலவையில் 24.1 விழுக்காடு. வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. இன்னொரு வேடிக்கையும் உண்டு: விலங்காய்வுகளில் ஆர்-வடிவமே வலிமையானது என்று ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் கென்ஜி ஹாஷிமோட்டோ வாதிட்டு வந்தார், மனிதரில் நடந்த ஆய்வில் அது போலி மருந்தை வெல்லவில்லை. ஆக, பிரித்ததால் பயன் பெருகியது என்பதற்கு உறுதியான சான்று இரு பக்கத்திலும் கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் காலின் லூ குழுவினர் கலவையையே தோலடி ஊசியாகக் கொடுத்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு நம் சூழலுக்கு நெருக்கமானது. 0.5 மி.கி. என்ற நிலையான அளவில் பயன் தெரியவில்லை. நோயாளியின் நிலையைப் பார்த்து 0.9 மி.கி. வரை படிப்படியாக உயர்த்தியபோது நோய்க்குறி நீங்கியோர் 19.6 விழுக்காடு, மிடசோலம் குழுவில் 2 விழுக்காடு. 71 விழுக்காட்டிலிருந்து 19.6-க்கு இறங்கியது ஏமாற்றமாகத் தோன்றலாம். அளவுகோல்களும் நோயாளிகளும் வேறு என்பதால் இரண்டையும் நேராக நிறுத்தவும் கூடாது. கடினமான நோயாளிகளிடம், ஓரளவு நேர்மையான ஒப்பீட்டில் கிடைத்த எண் என்பதால் இதையே நான் அதிகம் நம்புவேன்.

சிங்கோனாவில் நடந்ததை இங்கு நினைவுகூரலாம். நான்கு காரப்பொருள்களும் ஏறத்தாழச் சமம் என்று கண்ட பின்னும் உலகச் சந்தை குயினினையே கேட்டது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் வளர்த்த, குயினின் மிகுந்த சிங்கோனா வகை 1890களில் சந்தையைப் பிடித்ததும் நீலகிரிச் செம்பட்டையின் சிறப்பு மறைந்தது. 1930களில் உலக நாடுகள் சங்கத்தின் மலேரியா ஆணையம், ஏழை நாடுகளுக்காக 'டோட்டாகுயினா' என்னும் காரப்பொருள் கலவையை மீண்டும் முன்வைக்க நேர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கிடைத்த விடைக்கே அது திரும்பியது.

ஆனால் கலவையின் பக்கம் நின்று மட்டும் பேசுவதும் முறையன்று. குயினிடின் இதயத் துடிப்பின் ஒழுங்கை மாற்றவல்லது என்பதும், துடிப்புக் கோளாறுக்கே அது மருந்தாகும் என்பதும் 1910களில் நிறுவப்பட்டன. ஆணையம் காய்ச்சலை மட்டும் அளந்ததால், சமம் என்று கண்ட மருந்துகளுக்குள் இருந்த அந்த வேறுபாடு அதன் பார்வைக்கு வரவில்லை. கெட்டமினிலும் மனச்சோர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் இரத்த அழுத்தம், சிறுநீர்ப்பை அழற்சி, மருந்துக்கு அடிமையாதல், நினைவாற்றல் ஆகியவற்றை இரு வடிவங்களுக்கும் தனித்தனியே நெடுங்காலம் அளக்க வேண்டும். போதைக்காகக் கெட்டமினை நாள்தோறும் பயன்படுத்துவோரிடம் சிறுநீர்ப்பை கடுமையாகச் சுருங்குவது 2007 முதல் பதிவாகியுள்ளது.

5. மின்னதிர்வுச் சிகிச்சையோடு ஒப்பீடு

மருந்துக்கு இணங்காத கடும் மனச்சோர்வுக்கு நம் மருத்துவமனைகளில் நிலைபெற்ற சிகிச்சை மின்னதிர்வு. திரைப்படங்கள் அதற்குத் தந்த அச்சம் தரும் உருவம் மருத்துவ உண்மைக்குத் தொடர்பற்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தசைத் தளர்த்தியும் மயக்க மருந்தும் இன்றி அதைச் செய்வதைத் தடை செய்துள்ளது.

கெட்டமினை இதனோடு ஒப்பிட்ட இரு பெரிய ஆய்வுகள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. சுவீடனில் 186 பேரிடம் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வில் நோய்க்குறி நீங்கியோர் மின்னதிர்வில் 63 விழுக்காடு, கெட்டமினில் 46 விழுக்காடு. அமித் ஆனந்த் தலைமையில் அமெரிக்காவில் 403 பேரைச் சேர்த்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், முன்னேற்றம் கண்டோர் கெட்டமினில் 55.4 விழுக்காடு, மின்னதிர்வில் 41.2 விழுக்காடு. சுவீடன் ஆய்வில் உள்நோயாளிகளும், மனப்பிறழ்வுக் குறிகள் கலந்த கடும் சோர்வுடையோரும் இருந்தனர். அமெரிக்க ஆய்வு மனப்பிறழ்வு உடையோரை விலக்கியது. மிகக் கடுமையான நோயில் மின்னதிர்வும், சற்றே குறைந்த கடுமையில் கெட்டமினும் பொருந்தலாம் என்றே இதிலிருந்து கொள்ள வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவன ஆய்வாளர்களும் இரண்டையும் ஒப்பிட்ட சிறு முன்னோட்ட ஆய்வொன்றை 2020-இல் வெளியிட்டுள்ளனர். அதன் அளவில் பல மடங்கு பெரிய தொடர்ச்சி இந்தியாவுக்குத் தேவை.

6. தமிழ்நாட்டுக்கு உரிய ஆய்வு

2017-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் மனச்சோர்வுக் கோளாறு உடையோர் 4.57 கோடி, அதன் பரவல் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடு ஒன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம். எல்லாத் தற்கொலையும் மனச்சோர்வால் அன்று. ஆயினும் சில நாள்களில் பயன்தரக்கூடிய மருந்தொன்றை, அது அரசு மருத்துவமனை அறுவை அரங்குகளில் ஏற்கெனவே இருக்கும்போது, ஆராயாமல் விடுவதற்கு இந்த எண்ணிக்கை இடந்தராது.

சட்டத்தின் நிலை இறுக்கமானது. கெட்டமின் 2011-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும், 2013-இல் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் சேர்க்கப்பட்டது. மருந்துச் சீட்டின் ஒரு படியை விற்பனையாளர் இரண்டாண்டு பாதுகாக்க வேண்டும். கடத்தலைத் தடுக்க இது தேவைப்பட்டது. பன்னாட்டு அளவிலும் கெட்டமினைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கச் சீனா 2015-இல் முயன்றது. ஏழை நாடுகளின் அறுவை சிகிச்சை நின்றுவிடும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு எதிர்த்தது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. வணிக மனப்பான்மையோடு பெருகும் ஊசி மையங்களின் கையிலும் இதை விடக்கூடாது. அட்டவணையைக் காட்டி ஆய்வையும் முடக்கக்கூடாது.

கலவைக் கெட்டமினை ஆராய எந்த நிறுவனமும் முன்வராது. காப்புரிமை இல்லாப் பொருளில் ஈட்டுவதற்கு ஒன்றுமில்லை. 1866-இலும் இதுவே நிலை. நீலகிரிப் பட்டையின் மலிவான காரப்பொருள்களைச் சோதிப்பதால் ஐரோப்பியக் குயினின் உற்பத்தியாளருக்கு ஆதாயமில்லை, அரசே செய்தது. குடியேற்ற அரசுக்குத் தன் படையின் நலனே முதன்மை என்பது வேறு. செய்யும் பொறுப்பு பொது அமைப்பின்பாற்பட்டது என்னும் பாடம் அதனால் மாறாது.

அத்தகைய ஆய்வு எப்படி அமையலாம்? மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகள் சில சேர்ந்து, சமவாய்ப்பு முறையில் நோயாளிகளைப் பிரித்து, கலவைக் கெட்டமினை மிடசோலத்துடன் ஒப்பிடலாம். அளவைப் படிப்படியாக உயர்த்தும் ஆஸ்திரேலிய முறையைப் பின்பற்றலாம். எந்த மருந்து கிடைத்தது என்று நினைக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டுப் பதிய வேண்டும். இதைப் பதியாத ஆய்வை இதழ்கள் ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. முடிவை ஒரு நாளில் அளந்து நிறுத்தாமல் ஆறு மாதம் தொடர வேண்டும். இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் 2009 முதல் முன்பதிவு கட்டாயம். அங்கே முதன்மை அளவீட்டை முன்னரே அறிவித்துவிட்டால், பின்னர் வசதியான எண்ணை மட்டும் எடுத்துக்காட்டுவதற்கு வாய்ப்புக் குறையும். கைதிகள், உள்நோயாளிகள், தோட்டத் தொழிலாளர் போன்று மறுப்புச் சொல்லும் வலிமை குறைந்தோரின் இசைவைப் பெறும் முறைக்கு நெறிமுறைக் குழு தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுள்ளது. நடுவட்டத்துத் தொழிலாளி ஒருவர் இத்தகைய ஆய்வில் பங்கேற்பதாகக் கொள்வோம். ஊசி மருந்தின் விலை பொருட்டே அன்று. ஆனால் வாரம் இருமுறை வீதம் நான்கு வாரம் என்பது வழக்கமான தொடக்கச் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் மருந்துக்குப் பின் குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மறுநாள் வரை வண்டி ஓட்டவோ இயந்திரத்தருகே வேலை செய்யவோ கூடாது. துணைக்கு ஒருவரும் வர வேண்டும். எட்டு நாள் கூலி இருவருக்கு இழப்பு. மழைக்காலத்தில் மலைச்சாலை அடைபட்டால் இடையில் சிகிச்சையும் நிற்கும். இவ்விழப்பையும், தவறிய வருகைகளையும், அவற்றுக்கான காரணங்களையும் மனச்சோர்வு மதிப்பெண்ணுக்கு அருகிலேயே ஒரு நிரலாகப் பதிவு செய்ய ஆய்வுத் திட்டம் முதல் நாளிலிருந்து இடம் வைக்க வேண்டும்.